ஒப்புகிறேன்!

2021-ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள். பொங்கல் வாழ்த்தனுப்பக் கைபேசியைக் கையிலெடுத்தோரின் கண்ணெதிரே ஓர் அறிவிப்பு வந்து நின்றது. வாட்ஸ்அப் நிறுவனம் தன் விதிகளை மாற்றியிருக்கிறது. பிப்ரவரி 8-க்குள் அவற்றை ஏற்க வேண்டும். ஏற்றால்தான் தொடர்ந்து பயன்படுத்த இயலும் — இதுவே அந்த அறிவிப்பின் சாரம். அடியிலே ஒரு பொத்தான். ‘ஒப்புகிறேன்’ என்பது அதன் பெயர்.

அந்த ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துவோர் 53 கோடிப் பேர். பேராசிரியரும் அவருள் உண்டு, பெட்டிக்கடைக்காரரும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாவிடினும், பேரனின் குரலைக் கேட்பதற்காகவே கைபேசி வைத்திருக்கும் பாட்டியும் உண்டு. அத்தனை பேரிடமும் ஒரே கேள்வி. அத்தனை பேரிடமும் எதிர்பார்க்கப்பட்டது ஒரே விடை!

எதிர்ப்புக் கிளம்பிற்று. நாளை மே 15-க்குத் தள்ளிவைத்தது நிறுவனம். ஒப்பாதவரின் கணக்கை அழிக்கமாட்டோம் என்றும் பின்னர் கூறிற்று. ஆனால், அந்தப் பொத்தான் எழுப்பிய வினா மறையவில்லை. ஒப்புதல் என்றால் என்ன? அரசாங்கத்தைவிடப் பெரிய செல்வம் படைத்த நிறுவனத்துக்கும் தனி மனிதனுக்கும் இடையே ஏற்படும் ஒப்பந்தத்திலே, அரசு தலையிடலாமா? தலையிட்டால் அதனால் அந்தத் தனி மனிதனுக்கு நன்மையா, அல்லது எசமானர் எண்ணிக்கையிலே ஒன்று கூடுவதுதான் மிச்சமா?

“எவரும் கழுத்தைப் பிடித்து அழுத்தச் சொல்லவில்லையே! விருப்பமில்லையென்றால் விலகிக்கொள்ளலாமே!” என்பர் சிலர். நியாயம்போலத்தான் தோன்றும். வட்டிக்கடைப் பத்திரத்திலே கட்டை விரலின் மை பதித்த உழவனையும் எவரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. வீட்டிலே நெல் இல்லை, விதைக்கப் பணம் இல்லை, ஊரிலே கடன் தருவோர் வேறு எவரும் இல்லை — ஆகவே அவன் ‘ஒப்பினான்’. மறுக்க வழியுள்ளவன் தருவது ஒப்புதல். மறுக்க வழியற்றவன் தருவதற்குப் பணிவு என்றுதான் பெயர்.

மறுக்க வழியில்லை என்று எவ்வாறு சொல்வது? ஓர் ஆற்றை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அக்கரையிலே சந்தை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், உறவினர் வீடு. கடக்க ஒரே ஓடம். ஓடக்காரன் சொல்கிறான்: “கூலி வேண்டாம், ஏறிக்கொள். உன் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கமாட்டேன். ஆனால், எந்தத் துறையிலே ஏறினாய், எப்போது ஏறினாய், எந்தக் கடைக்காரரோடு பேசினாய் என்பதைக் குறித்துக்கொள்வேன். அதை வைத்து அக்கரைக் கடைக்காரரின் விளம்பரத்தை உன் கண்ணிலே காட்டுவேன். அவர் எனக்குக் காசு தருவார்.”

வாட்ஸ்அப்பின் நிலை ஏறக்குறைய இதுதான். நாம் எழுதும் செய்தி பூட்டியே அனுப்பப்படுகிறது. நிறுவனம் அதைப் படிப்பதில்லை என்பது உண்மை. ஆனால், தொலைபேசி எண், கருவியின் விவரம், இணைய முகவரி, வணிக நிறுவனங்களோடு நாம் கொள்ளும் தொடர்பு ஆகியவை தாய் நிறுவனத்தின் பிற அமைப்புகளோடு பகிரப்படும் என்பதே 2021 விதிகளின் பொருள். பிடிக்கவில்லையென்று வேறு செயலிக்குப் போகலாம். போனால் அங்கே பேச ஆளில்லை! மகளின் வகுப்பாசிரியை வீட்டுப்பாடம் அனுப்புவது இங்கே. மளிகைக்கடைக்காரர் பட்டியல் வாங்குவது இங்கே. தெருவிலே தண்ணீர் வரும் நேரம் தெரிவதும் இங்கே. பிறர் இருப்பதால் நாம் இருக்கிறோம். நாம் இருப்பதால் பிறர் இருக்கின்றனர். தனியொருவன் விலகினால் இழப்பு அவனுக்குத்தான், நிறுவனத்துக்கு அல்ல.

இனி, அரசு தலையிடலாகாது என்போரின் வாதங்களைக் கேட்போம். கேளாமலே தள்ளுவது பகுத்தறிவாகாது. அவை மூன்று. இலவசமாகக் கிடைப்பதிலே நுகர்வோனுக்கு என்ன கேடு என்பது முதல் வாதம். கட்டுப்பாடு வந்தால் புதுமை தடைப்படும், இழப்பு நுகர்வோனுக்கே என்பது இரண்டாம் வாதம். அரசு மட்டும் யோக்கியமா என்பது மூன்றாம் வாதம்.

முதல் வாதத்தைப் பார்ப்போம். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் உடைமையாகக் கொண்ட மெட்டா நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வருவாய், ஏறத்தாழ 16,450 கோடி டாலர். அதிலே 100-க்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. விளம்பரதாரர் எதற்காகக் கொடுக்கின்றனர்? நம் கவனத்துக்காக, நம்மைப் பற்றிய அறிவுக்காக. விளம்பரதாரரோ அந்தச் செலவைத் தன் பொருளின் விலையிலே சேர்க்கிறார். அந்தப் பொருளை வாங்குவதும் நாம்தான். கையிலிருந்து நேரே காசு போகவில்லை என்பதால் கட்டணமே இல்லை என்று எண்ணுவது, உண்டியலிலே போடாதவன் கோயிலுக்கு எதுவும் தரவில்லை என்று எண்ணுவதைப் போன்றது. நேரத்தையும் நினைப்பையும் அவன் கணக்கிலே சேர்க்கவில்லை!

அந்தக் கட்டணம் உயர்ந்த கதையையும் கேளுங்கள். 2014 பிப்ரவரியிலே, 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தது. பயனரின் அந்தரங்கத்தைப் பொறுத்தவரை எதுவும் மாறாது என்று அப்போது உறுதி கூறப்பட்டது. இரு செயலிகளின் கணக்குகளையும் தானாகவே பொருத்திப் பார்க்க நம்பகமான வழியில்லை என்று ஐரோப்பிய ஆணையத்திடம் பேஸ்புக் சொல்லிற்று. 2016 ஆகஸ்டிலே விதி மாறிற்று. பொருத்தும் வழியும் பிறந்துவிட்டது! தவறான தகவல் தந்தமைக்காக 2017 மே திங்களில் ஐரோப்பிய ஆணையம் விதித்த அபராதம் 11 கோடி யூரோ. 2016-இல், விளம்பரத்துக்காகத் தகவலைப் பகிர விருப்பமில்லை என்று சொல்ல, அன்றைய பயனருக்கு 30 நாள் அவகாசமாவது இருந்தது. 2021-இல் அதுவும் இல்லை. பொருள் ஒன்றே, பண விலை சுழியம், ஆனால் கொடுக்க வேண்டியது மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. போட்டி இல்லாத சந்தையிலே விலை ஏறும் முறை இது.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்றுண்டு. 2021-இல் அந்த அறிவிப்பு இந்தியருக்கு வந்தது போலவே ஐரோப்பியருக்கும் வந்தது. ஆனால், ஐரோப்பியரின் தகவல் பகிரப்படும் முறையிலே மாற்றம் ஏதுமில்லை என்றும், விளம்பரத்துக்காக பேஸ்புக் அதைப் பயன்படுத்தாது என்றும் நிறுவனமே விளக்கமளித்தது. ஒரே நிறுவனம், ஒரே செயலி. பாரிசிலே இருப்பவனுக்கு ஒரு நீதி, பரமக்குடியிலே இருப்பவனுக்கு வேறொரு நீதி! ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் வாழ்வோர் ஏறத்தாழ 45 கோடி. நம்மைவிடக் குறைந்த வாடிக்கையாளர்தாம். எனினும் அவர்களிடம் ஒன்று இருந்தது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. நம்மிடமோ, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பு இருந்தது. அதைச் செயற்படுத்தும் சட்டம் இல்லை. நிறுவனத்தின் பண்பு அங்கே நல்லதாகவும் இங்கே தீயதாகவும் மாறிவிடவில்லை. சட்டத்தின் இருப்பும் இன்மையுமே வேறுபாடு.

அப்படியானால் சட்டம் என்ற ஒன்று வந்துவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகின்றனர்.

அதே ஐரோப்பாவிலே, இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு பெட்டி குதித்தெழுந்து, குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு முந்திய ஆணைகளும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. ஏற்கும் பொத்தான் பெரிதாக, வண்ணத்தோடு. மறுக்கும் பொத்தானோ பல இடங்களிலே நான்கு படி இறங்கி, ஒரு மூலையில். நாள்தோறும் பத்துமுறை கேட்டால் மனிதன் என்ன செய்வான்? படிக்காமலே ‘ஒப்புகிறேன்’ என்று அழுத்துவான். காக்க வந்த சட்டம் களைப்பைத் தந்தது. அந்தப் பெட்டிகளைக் குறைக்கும் திருத்தத்தை 2025 நவம்பரிலே ஐரோப்பிய ஆணையமே முன்வைக்க நேர்ந்தது.

நம் நாட்டு நடப்பையும் பாருங்கள். 2021 மார்ச்சிலே விசாரணைக்கு ஆணையிட்டது இந்தியப் போட்டி ஆணையம். 2024 நவம்பர் 18-இல், ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று கூறி மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தகவலைப் பிற அமைப்புகளோடு பகிரக்கூடாது என்று ஐந்தாண்டுத் தடையும் போட்டது. 2025 ஜனவரியிலே அந்தத் தடையை நிறுத்திவைத்தது தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதே ஆண்டு நவம்பரிலே, அபராதம் சரி என்றும், ஐந்தாண்டுத் தடை வேண்டாம் என்றும் தீர்ப்பளித்தது.

213 கோடி! நமக்குத் தலை சுற்றும் தொகை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16,450 கோடி டாலரை ஆண்டின் மணிகளால் வகுத்தால், மணிக்கு ஏறத்தாழ ஒரு கோடியே 87 லட்சம் டாலர். அபராதமோ அன்றைய மதிப்பிலே இரண்டரைக் கோடி டாலர். ஒன்றரை மணி நேர வருவாயைக்கூட எட்டவில்லை! நான்காண்டு காத்திருந்து பெற்ற தண்டனை, காலையிலே கடை திறந்து காப்பி குடிப்பதற்குள் ஈட்டக்கூடிய தொகை. இத்தகைய தண்டனையை வணிகன் தண்டனையென்று எண்ணமாட்டான். செலவுக் கணக்கிலே ஒரு வரியாக எழுதிவிட்டு மேலே போவான்.

எனவே, கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி போதாது. எத்தகைய கட்டுப்பாடு என்பதே கேள்வி. அதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கைபேசி எண்ணிலேயே அது இருக்கிறது.

2011-க்கு முன்பு, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சேவை பிடிக்கவில்லையென்றால், எண்ணையும் இழந்துதான் வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டும். எண் மாறினால் வாடிக்கையாளர் போவர், உறவு அறும், வங்கி முதல் வாத்தியார் வரை அனைவருக்கும் சொல்ல வேண்டும். அந்த அச்சமே நிறுவனத்துக்கு வேலியாயிற்று. 2011 ஜனவரி 20 முதல், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம் என்ற விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி நம்மிடம் ஒப்புதல் கேட்டுப் பெட்டியை நீட்டவில்லை. நாற்பது பக்க ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லவில்லை. “போக வேண்டுமா? உன் எண்ணை எடுத்துக்கொண்டு போ” என்று கதவைத் திறந்து விட்டது, அவ்வளவே. போகாதவருக்கும் அதனால் நன்மை. போகக்கூடும் என்ற நினைப்பே நிறுவனத்தைப் பணிவாக நடக்கச் செய்யும் அல்லவா?

இதுதான் உரைகல். நுகர்வோனுக்கு விலகும் வலிமையைத் தரும் விதி பயன் தருகிறது. கையெழுத்திட ஒரு தாளை மட்டும் தரும் விதி பயன் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றி, 2024 மார்ச் முதல் பெருநிறுவனங்கள் மீது செயற்படுத்திவரும் டிஜிட்டல் சந்தைச் சட்டம் இந்தத் திசையிலே ஓரடி வைத்திருக்கிறது. பிற செயலியிலே இருப்போரும் வாட்ஸ்அப்பிலே இருப்போரோடு பேச வழி செய்ய வேண்டும் என்கிறது அது. அதாவது, நம் ஆற்றிலே இன்னோர் ஓடம் விட்டால், அதையும் அதே துறையிலே கட்ட இடம் தரவேண்டும் என்பது. “ஒப்புக்கொள், அல்லது மாதக் கட்டணம் கட்டு” என்று மெட்டா ஐரோப்பியர் முன்னே 2023 நவம்பரிலே வைத்த ஏற்பாட்டையும், உண்மையான தேர்வு அதிலே இல்லையென்று கூறி, 2025 ஏப்ரலிலே 20 கோடி யூரோ அபராதம் விதித்தது ஐரோப்பிய ஆணையம். ஒப்புதல் என்ற சொல்லுக்கு உயிர் தரும் முயற்சி அது.

புதுமை தடைப்படும் என்ற இரண்டாம் வாதத்துக்கு வருவோம். அதிலே ஓரளவு உண்மையுண்டு, மறைக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் சந்தைச் சட்டத்தைக் காரணம் காட்டி, 2024-இல் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய செயற்கை அறிவு வசதிகளை ஐரோப்பிய ஒன்றியத்து ஐபோன்களுக்குத் தாமதித்தது. 2025 மார்ச் இறுதியிலேதான் அவை சென்றன. காத்திருந்தவன் நுகர்வோன்தான். ஆனால் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே வகை மின்னேற்றி வேண்டும் என்று ஐரோப்பா முனைந்தபோது, புதுமை கெடும் என்று எதிர்த்தது அதே ஆப்பிள். 2022-இல் சட்டம் நிறைவேறிற்று. 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்குக் கட்டாயமாயிற்று. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரிலே யு.எஸ்.பி. சி துளையோடு ஐபோன் 15 உலகெங்கும் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஐரோப்பியச் சட்டத்தின் பயனை இந்தியனும் பெற்றான். ஒரே மின்கம்பி வீட்டிலுள்ள அனைவரின் கருவிக்கும் பொருந்திற்று.

நம் நாட்டிலேயும் இப்படியொரு சோதனை நடந்தது. 2015-இல், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மூலமாகத் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலே, ஏழைகளுக்கு இலவச இணையம் என்று பேஸ்புக் ஒரு திட்டம் கொணர்ந்தது. பின்னர் அதற்கு ‘ஃபிரீ பேசிக்ஸ்’ என்று பெயரிட்டது. இலவசமாகத் திறக்கும் பக்கங்கள், அத்திட்டத்திலே சேர்க்கப்பட்டவை மட்டுமே. ஏழைக்கு ஒரு சாளரம். அதன் வழியே எது தெரிய வேண்டும் என்பதை நிர்ணயிப்பவர் வேறொருவர்! 2016 பிப்ரவரி 8-இல், பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்ட கட்டணம் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. ஏழைகளின் வாயிலே மண்ணைப் போட்டனர் என்று அப்போது பேசினோர் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரிலே ஜியோ சந்தைக்குள் நுழைந்தது. இணையக் கட்டணம் சரிந்தது. ஏழை, முழு இணையத்தையும் கண்டான். விலையைக் குறைத்தது அரசாணையல்ல, போட்டியே — இதை ஒப்புக்கொள்ள நாம் தயங்க வேண்டியதில்லை. பாதையை ஒருவரே வேலியிட்டு வளைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது விதியின் வேலை. அந்தப் பாதையிலே ஓடுவது போட்டியின் வேலை.

மூன்றாம் வாதமே கூர்மையானது: அரசு மட்டும் யோக்கியமா? இந்தக் கேள்வியை நாம் நாணத்தோடு அல்ல, நன்றியோடு வரவேற்க வேண்டும். 2008 திருத்தத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலே 66-ஏ என்ற பிரிவு நுழைந்தது. 2012-இல், மகாராட்டிரத்திலே ஒரு கடையடைப்பைக் குறித்து பேஸ்புக்கிலே எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த மற்றோர் இளம்பெண்ணும் கைது செய்யப்பட்டனர். நாட்டையே உலுக்கிற்று அது. 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கிற்று. நிறுவனம் நம்மை விளம்பரத்துக்காகக் கவனிக்கிறது. அரசு கவனித்தால் விலங்கு மாட்டவும் முடியும்!

2023-இல் வந்த நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களுக்குக் கடமைகளை வகுக்கிறது, வரவேற்போம். ஆனால், நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களைக் கூறி, தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. முறையீட்டை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினரை நியமிப்பதும் அதே அரசு. காவற்காரன் நமக்கு வேண்டும். ஆனால் தன் வீட்டுக்கு மட்டும் சட்டம் இல்லை என்று எழுதிக்கொள்ளும் காவற்காரனைக் கண்மூடி நம்புவதோ? ஒரு பூசாரியின் பிடியிலிருந்து மீட்கிறேன் என்று சொல்லி, மற்றொரு பூசாரியின் முன்னே மண்டியிடச் செய்வது விடுதலையாகாது.

அதற்காக, காவலே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுவதும் தவறு. அரசு தவறினால், கேட்க நீதிமன்றம் உண்டு, சட்டமன்றம் உண்டு, ஐந்தாண்டுக்கொரு முறை நம் விரலிலே வைக்கும் மை உண்டு. அவை பழுதுபட்டிருக்கலாம், பழுது பார்க்கலாம். கடல் கடந்த பெருநிறுவனத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கவோ நீக்கவோ நமக்கு வாக்கு ஏது? இரண்டு அதிகாரங்களிலே, ஒன்றுக்குக் கடிவாளம் தளர்ந்திருக்கிறது. மற்றதற்குக் கடிவாளமே இல்லை. தளர்ந்ததை இறுக்கி, இல்லாததைப் பூட்டுவதுதான் அறிவுடைமை.

ஆகவே, இளைஞர்களே, புதிய விதியொன்று வரும்போது கைதட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நான் விலகிச் செல்ல வழி தருகிறதா, அல்லது ஒப்புவதற்கு மற்றொரு பெட்டியை நீட்டுகிறதா? மீறுவோனுக்கு நட்டம் வருமா, அல்லது ஒன்றரை மணி நேரச் செலவோடு முடியுமா? எழுதியவனையும் இந்த விதி கட்டுப்படுத்துகிறதா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், அந்தக் கட்டுப்பாடு நுகர்வோனின் நண்பன். இல்லையெனில், அதைத் திருத்தக் கோருவதும் நம் கடமையே.

அடுத்த முறையும் அந்தப் பொத்தான் கண்ணெதிரே வந்து நிற்கும். பேராசிரியரிடமும் நிற்கும், பேரனின் குரலுக்காகக் காத்திருக்கும் பாட்டியிடமும் நிற்கும். படித்துப் பார்த்து மறுக்கும் திறன் பேராசிரியருக்கு இருக்கலாம். அந்தப் பாட்டி எதையும் படிக்காமல், எதையும் இழக்காமல், “வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் பேரனோடு தொடர்ந்து பேச முடிகிற நாள் வரவேண்டும். அதற்குப் பிறகு அவர் ‘ஒப்புகிறேன்’ என்று அழுத்தினால், அதை ஒப்புதல் என்று நாமும் ஒப்புவோம்.